மேசையின் அந்தப் பக்கம்

விஜயதசமி அன்று காலை பத்தேகாலுக்கு மாதவராஜ் அறுப்பு மேசை முன்னால் போய் நின்றதும் தமிழ்மணி செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்தினாள். ஒன்பது வருஷமாக அவன் நிற்கிற இடம்தான் அது. கடைக்குள் நுழைந்தால் கால் தானாக அங்கேதான் போகும். ஆனால் இருபத்துநாலு நாளாக அவன் அங்கே நிற்கக் கூடாது. அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவன், அவள், தர்மபுரியில் ஒரு டாக்டர்.

பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் அவர்களுடைய போர்டுக் கடை. ஸ்டிக்கர், பிளக்ஸ், அக்ரிலிக் எழுத்து எல்லாம் செய்வார்கள். அறுப்பு மேசை என்பது பெரிய கம்பெனி மிஷின் ஒன்றும் இல்லை. மார்பிள் கட்டரைத் தலைகீழாகத் திருப்பி பிளைவுட் மேசைக்கு அடியில் இறுக்கியிருப்பான் மாதவராஜ். மேசையில் ஒரு கீறல், அந்தக் கீறல் வழியாக பிளேடு மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு மேலே எட்டிப் பார்க்கும். ஒருவர் அக்ரிலிக் ஷீட்டைத் தள்ள வேண்டும். இன்னொருவர் எதிர்ப்பக்கம் நின்று, அறுபட்டு வருகிற ஷீட் தொங்காமல், இழுக்காமல், கீழிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். தள்ளுவது அவன், தாங்குவது அவள். கல்யாணமான மறு மாதத்திலிருந்து அப்படித்தான்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவன், "மணி, அடுப்புல என்னமோ கருகுது பாரு" என்றான். அடுப்பே பற்ற வைக்கவில்லை. "ஒங்க மூக்குதான் கருகுது" என்று இவள் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அவன் தரையில் கிடந்தான். உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, கையும் காலும் உதறிக்கொண்டன. மூன்று நிமிஷம் இருக்கும். அந்த மூன்று நிமிஷத்தில் அவள் தாலியறுத்து, பிள்ளையைக் கையில் பிடித்து, அம்மா வீட்டு வாசலில் போய் நின்று, எல்லாம் ஆகிவிட்டது மனசுக்குள்.

மறுநாள் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாது. தூக்கம் கெடக் கூடாது. ஆறு மாதத்துக்கு மிஷின், ஏணி, பைக் மூன்றையும் தொடக் கூடாது. மறுபடி வந்தால் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்தார். மாதவராஜ் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையாட்டினான். திரும்பி வரும் பஸ்ஸில், மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகள் பிரியதர்ஷினியின் தலைமேல் தமிழ்மணியின் கையை எடுத்து வைத்தான்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"என்னாங்க இது, கொழந்த தலையில."

"வலிப்புக்காரன்னு தெரிஞ்சா எவன் ஏணி மேல ஏத்துவான் என்னை? நாளைக்கே கடைய மூட வேண்டியதுதான். சொல்லு மணி."

சொன்னாள். பெற்ற பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு அதை மீறுகிற தைரியம் அவளுக்கு இல்லை. மீறினால் குழந்தைக்கு என்னவாவது ஆகிவிடும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். சத்தியம் வாங்க மட்டும் நன்றாகத் தெரிந்தது அந்த மனுஷனுக்கு.

அன்றிலிருந்து இருபத்துநாலு நாள் அவள் சொன்ன பொய்களை எழுதினால் ஒரு நோட்டு நிறையும். பிளேடு மழுங்கிவிட்டது, சேலத்திலிருந்து வரணும். கரன்ட் ஏறி இறங்குது. ஷீட்டு ஸ்டாக் இல்லை. வந்த அறுப்பு வேலையை எல்லாம் அப்படியே தள்ளிவிட்டு, ஸ்டிக்கர் வேலையாகப் பார்த்து அவனை உட்கார வைத்தாள். ஆயுத பூஜை நெருங்கியதும் லாரிக்காரன், ஆட்டோக்காரன், டிராக்டர்காரன் எல்லாரும் ஸ்டிக்கருக்கு வந்து குவிந்தார்கள். இரண்டு ராத்திரி அவன் கண் மூடவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

இன்று எந்தப் பொய்யும் எடுபடாது. இன்று விஜயதசமி. நேற்று கும்பிட்ட மிஷினை இன்று நல்ல நேரத்தில் ஒரு அறுப்பாவது ஓட்டித் தொழிலைத் தொடங்க வேண்டும். அதுவும் வெறும் துண்டு இல்லை. கடத்தூர் பேக்கரிக்காரர் குப்புராஜ் தட்டில் பழமும் பூவுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு விஜயதசமியில் மாதவராஜ் அறுத்துக் கொடுத்த போர்டோடுதான் அவர் முதல் கடையைத் திறந்தார். இன்றைக்கு மூன்று கடை. மாவு நன்றாக இருந்ததாலோ, கேக் நன்றாக இருந்ததாலோ என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. எல்லாம் மாதவராஜ் கைராசி. ஆகவே வருஷா வருஷம் முதல் வேலை அவருடையது. இந்த வருஷம் பொம்மிடியில் திறக்கிற கடைக்குக் கேக் வைக்கிற கண்ணாடிப் பெட்டியின் முன்பக்கம். எட்டு எம்.எம். கிளியர் அக்ரிலிக், நாலடிக்கு மூன்றடி.

"பத்தரையிலேர்ந்து பதினொன்றரை நல்ல நேரம், மாதவராஜு. பொட்டு வெச்சு ஆரம்பிச்சுடு" என்றார் குப்புராஜ்.

"ஆச்சுங்கணா" என்று மாதவராஜ் ஷீட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தான்.

தமிழ்மணியின் கண் பிளேடுக்குப் போனது. மேலே மூடி இல்லை. பிளேடை மூடிக்கொண்டிருக்க அவனே அக்ரிலிக்கில் ஒரு சின்னப் பெட்டி செய்து வைத்திருந்தான். நேற்று பூஜைக்காக மிஷினைக் கழுவித் துடைக்கும்போது கழற்றினார்கள். அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் சுத்தியல், ஸ்பேனர், பழைய பிளேடு எல்லாவற்றோடும் அடுக்கினார்கள். அங்கேயே இருந்தது. மேசையில் இருந்த பிளேடிலும் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது.

"ஏங்க, மூடி போடலீங்க" என்றாள்.

"ஒரு அறுப்புதானே. பொறவு போட்டுக்கலாம்."

"இல்லீங்க, பிளேடுல சந்தனம் வேற இருக்குது. அப்படியே ஓட்டுனா கண்ணுக்குத் தெறிக்கும்."

பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். ஈரத்துணியால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்தாள். அறுபது பல். ஒரு பல்லைக்கூட விடவில்லை. பிறகு மூடியை எடுத்து வந்து நாலு திருகாணியையும் மெதுவாக முடுக்கினாள். முடுக்கியதைத் தளர்த்தி மறுபடி முடுக்கினாள். நல்ல நேரம் முடிந்து தொலைந்தால் தேவலாம் என்றிருந்தது. ஆனால் ஒரு மணி நேரம் திருகாணி முடுக்க யாராலும் முடியாது.

அவன் உதவிக்குக் குனிந்தபோது காதருகே கேட்டாள்.

"மாத்திர போட்டீங்களா?"

"சாப்ட்டாத்தானே போடணும்."

"அப்படின்னா?"

"நேத்து பூச முடியற வரைக்கும் சாப்புடல. பொறவு பொரிகடலைதான். ராத்திரி அப்படியே ஸ்டிக்கர் ஒட்ட ஒக்காந்துட்டேன். இன்னிக்குத் தொழில் தொடங்கிட்டுத்தான் சாப்பாடு. வருசா வருசம் நடக்கறதுதானே. பொறவு மொத்தமா போட்டுக்கறேன், விடு."

மாத்திரைக் கவரில் சாப்பிட்ட பிறகு என்று எழுதியிருந்ததை அவன் ஒழுங்காகப் படித்திருந்தான். சாப்பாடு இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை. அவன் கணக்கில் அது டாக்டர் சொன்னபடி நடந்ததுதான். மூன்று வேளை போயிருந்தது. இரண்டு ராத்திரித் தூக்கம் போயிருந்தது. குப்புராஜ் இல்லாவிட்டால் கத்தியிருப்பாள்.

மாதவராஜ் பிளக்கை வாங்கிச் சொருகினான். கண்ணுக்குக் கண்ணாடி போட்டான். ஷீட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த பேப்பரின் மேல் பென்சில் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். அந்தப் பேப்பரை உரிக்காமல் அறுத்தால்தான் ஓரம் பிசிறடிக்காது. எல்லாம் தெரிந்தவன். அவனுக்குத் தெரியாத ஒன்று இல்லை அந்த மேசையில். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அவள் எதிர்ப்பக்கம் போகவில்லை. அவன் பக்கத்திலேயே நின்றாள்.

"என்னம்மா, அங்க போயி புடி" என்றார் குப்புராஜ்.

அப்போது மாதவராஜ் மூக்கைச் சுருக்கினான்.

"மணி, என்னமோ கருகுது."

மிஷின் இன்னும் ஓடவில்லை. கற்பூரம் அணைந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

"ஒண்ணும் கருகலையே. எனக்குப் பூ வாசனைதான் வருது" என்றார் குப்புராஜ்.

மாதவராஜின் விரல் சுவிட்சைத் தேடிப் போனது. அந்த வாசனை என்னவென்று தமிழ்மணிக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்தும், பேக்கரிக்காரர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார முடியாமல் நிற்கிறான். சொன்னால் சத்தியம் போச்சு. சொல்லாவிட்டால் கை போச்சு, ஒருவேளை ஆளே போச்சு. வாசலில் பிரியதர்ஷினி புதுப் பாவாடையில் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தலையைப் பார்த்தாள். சுவிட்சைத் தேடுகிற இந்தக் கையைப் பார்த்தாள்.

"இருங்க" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இன்னிக்கு நான்தான் அறுக்கணும்."

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"தீர்த்தமலையில வேண்டிக்கிட்டேன். இந்த விஜயதசமிக்கு மொத அறுப்பு என் கையால அறுக்கறேன்னு. சொல்ல மறந்துட்டேன்."

தீர்த்தமலைக்கு அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே அவள் வேண்டிக்கொண்டது பிரியதர்ஷினிக்கு இருமல் நிற்க வேண்டும் என்று மட்டும்தான். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்கிறோமே என்று சாமி படத்தின் பக்கம் திரும்பாமல் நின்றாள். குப்புராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் வந்தது மாதவராஜ் கைக்காக. ஆனால் வேண்டுதல் என்று ஒருத்தி சொன்ன பிறகு, அதற்குக் குறுக்கே பேசினால் அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்று எவரும் ஒதுங்கிக்கொள்வார்கள். அவரும் ஒதுங்கினார்.

"வேண்டுதல்னா செஞ்சிடணும். செய்யி, பாப்பா" என்றார் மனசில்லாமல்.

மாதவராஜ் அவளை முறைத்தான். அவளும் முறைத்தாள். கடைசியில் அவன் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

"நீங்க ஒக்காருங்க. ஷீட்ட நான் பாத்துக்கறேன்."

"ஒத்த ஆளா எப்படி அறுப்ப? தாங்காம வுட்டா ஒடஞ்சு ஒன் மேல அடிக்கும்" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். ஒன்பது வருஷத்தில் அவன் அந்தப் பக்கம் நின்றது அன்றுதான்.

அவள் புடவை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். கழுத்துச் செயினை ரவிக்கைக்குள் போட்டாள். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் இடது பக்கம் ஒதுங்கி நின்றாள். ஷீட் எகிறினால் நேர்கோட்டில்தான் எகிறும். கையில் தள்ளுகட்டையை எடுத்துக்கொண்டாள். கடைசி ஒரு சாண் தூரத்துக்கு விரலை நம்பக் கூடாது. சுவிட்ச் மேசைக்காலில் அவள் முழங்கால் உயரத்தில் இருந்தது. போட்டாள்.

மிஷின் வீறிட்டது. எதிர்ப்பக்கம் நின்று ஒன்பது வருஷம் கேட்ட சத்தம்தான். இந்தப் பக்கம் நின்று கேட்டால் அது வேறாக இருந்தது. ஷீட்டை மெல்ல நகர்த்தினாள். பிளேடு கடித்ததும் கைக்குள் ஓர் அதிர்வு வந்து தோள்வரை ஏறியது. வேகமாகத் தள்ளினால் ஷீட் விரிசல் விடும். தயங்கி நிறுத்தினால் அக்ரிலிக் உருகி பிளேடின் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும், பிளேடைக் கவ்விக்கொள்ளும். ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மனசு எப்படி இருந்தாலும் கை சீராக இருக்க வேண்டும். அவள் பார்வை பாதி பென்சில் கோட்டிலும் பாதி அவன் முகத்திலும் இருந்தது.

ஒரு அடி போனது. இரண்டு அடி போனது. வெள்ளைத் தூள் மூடிக்குள் பொரிந்து விழுந்தது. குப்புராஜ் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

இரண்டரை அடியில் மாதவராஜ் சப்புக்கொட்டினான். கண் அவளைப் பார்க்கவில்லை. எங்கேயும் பார்க்கவில்லை. ஷீட்டுக்கு அடியில் தாங்க வேண்டிய விரல்கள் ஷீட்டை இறுக்கிப் பிடித்தன.

அவள் முழங்காலால் சுவிட்சை இடித்தாள். கரன்ட் நின்றது. ஆனால் பிளேடு உடனே நிற்காது, சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அந்த நாலைந்து நொடிதான் எமன். இரண்டு உள்ளங்கையாலும் ஷீட்டை மேசையோடு அழுத்தினாள். எதிர்ப்பக்கம் அவன் உடம்பு விறைத்து ஷீட்டைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்தது. வெட்டின வாய் மூடி பிளேடைக் கவ்வியது. கீச்சென்று ஒரு சத்தம். ஷீட் மேசையைவிட்டு எகிறி, அவள் இடுப்பை உரசிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் மோதி உடைந்தது. அவள் ஒரு அடி வலது பக்கம் நின்றிருந்தால் வயிற்றில் இறங்கியிருக்கும். மாதவராஜ் மரம் சாய்கிற மாதிரி பின்பக்கமாகச் சாய்ந்தான்.

ஓடினாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் அவனுக்கு உதறல் தொடங்கிவிட்டது. பிளக்ஸ் துணிச் சுருளை இழுத்துத் தலைக்கு அடியில் கொடுத்தாள்.

"பிரியா, உள்ள வராத. ஷீட்டு ஒடஞ்சு கெடக்கு, கால வெக்காத" என்று கத்தினாள்.

குப்புராஜ் பதறிப்போய்ச் சுற்றிச் சுற்றி வந்தார். "இரும்பு, இரும்பு. கையில இரும்பு குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கண்ணில் பட்டதை எடுத்தார். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற ஊர் இது. சாவி எங்கே என்று தேட அவருக்கு நேரமில்லை. சாமி படத்துக்கு முன்னால் சந்தனப் பொட்டோடு இருந்த பழைய பிளேடுதான் கையில் அகப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு குனிந்து, மாதவராஜின் இறுகியிருந்த முஷ்டியைப் பிரித்து உள்ளே வைக்கப் போனார்.

தமிழ்மணி பார்த்தாள். ஓடுகிற பிளேடிலிருந்து காப்பாற்றிய கையில் ஓடாத பிளேடை ஒரு மனுஷன் பக்தியோடு திணிக்கிறான். உதறுகிற கை அதைப் பிடித்து இறுக்கினால் நாலு விரலும் தரையில் கிடக்கும்.

அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். பிளேடு ணங்கென்று தரையில் விழுந்து உருண்டது. அவளைவிட இருபது வயது பெரியவர், ஊரில் மதிப்பான ஆள். அதையெல்லாம் நினைக்க நேரமில்லை.

"அது பிளேடுங்கணா."

குப்புராஜ் உருண்டுபோன பிளேடைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அப்படியே பின்னால் நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் குடுக்க வேணாம். தண்ணியும் வேணாம். அதுவா நிக்கும்" என்றாள். சொன்னாளே தவிர, நிற்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். அஞ்சு நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரு நிமிஷம். இரண்டு. ஸ்டேஷனில் ஏதோ வண்டி வந்து நின்று புறப்பட்டுப் போனது. மூன்றாவது நிமிஷம் உதறல் தளர்ந்தது. அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயோரத்து நுரையை முந்தானையால் துடைத்தாள். அவன் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பத்தும் இருந்தன. மறுபடியும் தடவினாள்.

"எத்தன நாளா?" என்று குப்புராஜ் மெல்லக் கேட்டார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் அவள் வாயிலிருந்து வரக் கூடாது.

மாதவராஜ் கண் விழிக்கக் கால் மணி நேரம் ஆனது. முதலில் அவளைத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. நாக்கு குழறியது.

"நீ சொல்லிட்டியா?"

"நான் சொல்லலீங்க."

அவன் பேக்கரிக்காரரைப் பார்த்தான். சுவரோரம் இரண்டாக உடைந்து கிடந்த ஷீட்டைப் பார்த்தான். அப்புறம் மேசையையே வெகுநேரம் பார்த்தான்.

"மணி, நான் எந்தப் பக்கம் நின்னேன்?"

"அந்தப் பக்கம். தாங்கிப் புடிச்சிட்டு."

ஷீட் எகிறிப்போனது அவள் நின்ற பக்கம்தான் என்று அவனுக்குப் புரிந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவன் முதுகில் கை வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். குப்புராஜ் எழுந்து, பழத்தட்டை மேசையில் வைத்தார். போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றார்.

"நான் இன்னொரு நாளைக்கு வரேன், மாதவராஜு. ஒடம்பப் பாத்துக்க. வேலைக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். குரலில் பழைய உரிமை இல்லை. ஏதோ சாவு வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது. இந்தக் குரலுக்குப் பயந்துதான் அவன் பஸ்ஸில் சத்தியம் வாங்கினான்.

அவர் செருப்பை மாட்டும்போது மாதவராஜ் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, நில்லுங்க. எனக்கு வலிப்பு இருக்குதுங்கணா. டாக்டரு மிஷினத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. ஒங்க ஷீட்ட நாளைக்கு இவதான் அறுப்பா. நான் தாங்கக்கூட மாட்டேன். அப்படி ஒக்காந்துட்டு இருப்பேன். சம்மதம்னா வாங்க."

குப்புராஜ் அவனைப் பார்த்தார். பிறகு, சிவந்திருந்த தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே தமிழ்மணியைப் பார்த்தார்.

"எதிர்ல யாரு தாங்கறது?"

கேட்டுவிட்டு, மாட்டிய செருப்பை அவரே கழற்றினார்.

"நான் வந்து தாங்கறேன். எப்படிப் புடிக்கணும்னு மட்டும் சொல்லிக் குடு, பாப்பா" என்றார்.

அதுவரை இறுகிக்கிடந்த தமிழ்மணிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நாளைக்கும் தள்ளுகிற பக்கம் அவள்தான் நிற்க வேண்டும். நாளை மறுநாளும் நிற்க வேண்டும். அழுதுகொண்டே எழுந்து போய் மிஷின் பிளக்கைப் பிடுங்கினாள். பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவையும் மாத்திரையையும் எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"மொதல்ல சாப்புடுங்க" என்றாள்.